குளத்து விராலுக்கு முதலில் எறியவேண்டிய இரை யாது?

பெரும்போக நெல் வீடு வந்து சேர்ந்த பின்னரும், சிறுபோகத்துக்குரிய நீரைப் பங்கிடும் கூட்டம் கூடுமுன்னரும், வரண்ட வலயத்துக் கமக்காரருக்குச் சில மாலைப்பொழுதுகள் ஓய்வாகக் கிடைக்கின்றன. அப்பொழுதுகளில் கட்டுக்கரைக்குளம், வவுனிக்குளம், உன்னிச்சை, கந்தளாய் போன்ற பெருங்குளங்களிலும், ஊருக்கு ஊர் உள்ள சிறுகுளங்களிலும், குளக்கட்டின் மீதும் வான் அருகிலும் தூண்டிற்கம்புடன் நிற்போரைக் காணலாம். அவர்களுள் பலர் நாடி வருவது விரால் மீனையே. சதைப்பற்று மிக்கதும் சிறுமுள் குறைந்ததுமாகிய இம்மீன், நோயுற்று எழுந்தோருக்கும் பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் உகந்த உணவென்று நெடுங்காலமாக மதிக்கப்பட்டு வருகின்றது. இது புண்ணை ஆற்றும் தன்மையுடையதென்ற நம்பிக்கை மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டுமுள்ளது.

எனினும் குளத்தில் விரால் இருந்தும் வெறுங்கையுடன் வீடு திரும்புவோர் பலர். இதற்குப் பெரும்பாலும் காரணமாவது முதலில் எறிந்த இரை அந்நேரத்து நீருக்கும் அவ்விடத்துக்கும் ஒவ்வாதிருத்தலாகும். கடைகளில் இப்பொழுது பலநிறப் போலி இரைகள் விற்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றின் விலைக்கு ஒரு நேரக் கறிக்குரிய மீனை வாங்கிவிடலாம். ஆகவே எதை வாங்குவது, வாங்கியவற்றுள் எதை முதலில் எறிவது என்பது சிறு வருமானமுள்ள குடும்பத்துக்கு அற்பமான வினாவன்று.

நேரத்தையும் கருதல் வேண்டும். மாலை நாலரை மணிக்குக் குளத்தை அடைபவர் ஆறேகால் மணிக்குள் கரையை விட்டு நீங்குதல் நல்லது. வரண்ட வலயத்துக் குளங்கள் பலவற்றில் முதலை உண்டு. காடு சூழ்ந்த குளங்களுக்கு யானைகள் நீர் பருக வருவதும் அந்தி சாய்ந்த பின்னரேயாகும். எஞ்சுவது ஒன்றே முக்கால் மணி நேரம். ஒவ்வாத இரையுடன் தொடங்கி, அதை மாற்ற மனமின்றி முக்கால் மணி நேரத்தைச் செலவிட்டவர், மீன் சுறுசுறுப்பாக இரை தேடும் வேளையிற் பாதியை இழந்தவராவார்.

விராலின் இயல்பு

இரையைத் தெரிவதற்கு முன்னர் மீனை அறிதல் வேண்டும். விரால் துரத்தித் திரியும் மீனன்று. தாமரையிலையின் கீழோ, கோரைப் புதரின் ஓரத்திலோ, நீரில் வீழ்ந்த மருதமரக் கிளையின் நிழலிலோ அசையாது கிடந்து, அண்மையில் வருவதன்மீது ஒரே பாய்ச்சலாகப் பாய்வது அதன் வழக்கம். தவளை, சிறுமீன், இறால், பெரும்பூச்சி ஆகியன அதன் உணவாகும். வாய் அகன்றது, பற்கள் கூரியன.

ஏனைய மீன்களிலிருந்து விராலை வேறுபடுத்தும் பெருங்குணம் ஒன்றுண்டு. அது நீரிற் கரைந்துள்ள ஒட்சிசனை மட்டும் நம்பி வாழ்வதில்லை. இடையிடையே மேலெழுந்து காற்றை நேரடியாக உட்கொள்கின்றது. இதனாலேயே சேறும் சூடுமான சிறு மடுவிலும் வயல் வாய்க்காலிலும் அது உயிர்வாழ்கின்றது. குளம் வற்றுங்கால் ஈரச்சேற்றினுள் புதைந்தும் கிடக்கின்றது. தூண்டிற்காரருக்கு இது பேருதவியாகும். நீர்மட்டத்தில் "களக்" என்றெழும் ஓசையும், அதன்பின் விரியும் வளையமும், அவ்விடத்தில் விரால் உள்ளதென்பதைக் காட்டிக் கொடுக்கின்றன. குளக்கரைக்கு வந்தவுடன் நூலை எறியாது, பத்து நிமிட நேரம் அமைதியாக அமர்ந்து நீரைப் பார்ப்பவர், எறிந்துகொண்டேயிருப்பவரை விட மிகுதியாக அறிந்துகொள்வார்.

வட அமெரிக்க ஏரிகளில் "பாஸ்" எனப்படும் மீனைத் தூண்டிலிடுவோரும் எந்த இரையுடன் தொடங்குவது என்ற இவ்வினாவையே ஓயாது ஆராய்ந்து வந்துள்ளனர். அம்மீனும் நீர்ப்பூண்டுகளில் மறைந்திருந்து பாயும் இயல்பினது. ஆயினும் குளிர்நாட்டு நீரின் வெப்பம் பருவந்தோறும் பெரிதும் மாறுவதால், அவர்கள் வெப்பமானியைப் பார்த்து இரையை மாற்றுகின்றனர். நம் நாட்டுத் தாழ்நிலக் குளங்களில் நீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே உள்ளது. இங்கு மாறுவன நீரின் மட்டமும், அதன் தெளிவும், பூண்டின் அளவுமாகும். ஆகவே அந்நாட்டு நூல்களிற் சொல்லப்பட்டவற்றை அவ்வாறே இங்கு கைக்கொள்ளுதல் பயன் தராது. வினா ஒன்றாயினும் விடை வேறு.

பூண்டு நிறைந்த கரையில்

தாமரையும் அல்லியும் படர்ந்த கரை, சல்வீனியா மூடிய மூலை, கோரை நெருங்கி வளர்ந்த அலைகரை ஆகியவற்றில் முதலில் எறியவேண்டியது தவளைப் போலியே என்பதில் ஐயமில்லை. இங்கு வேறு எதை எறியினும் தூண்டில் முள் இலையிலும் தண்டிலும் கொளுவிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் நூலை அறுப்பதும், தாமரைக்கொடியை இழுத்து நீரைக் கலக்குவதும், பதுங்கியிருந்த மீனை விரட்டிவிடும். தவளைப் போலி இலையின் மேல் ஏறியிறங்கி வரத்தக்கதாய் அமைந்தது. முள்ளின் நுனி அதன் முதுகோடு ஒட்டி மறைந்திருப்பதனால் பூண்டிற் சிக்குவதில்லை. மீன் கவ்விப் போலியை நசுக்கும்போதே முள் வெளிப்படுகின்றது.

இதனைக் கடையில் வாங்கித்தான் ஆகவேண்டுமென்பதில்லை. தேய்ந்த றப்பர்ச் செருப்பு ஒன்றின் அடிப்பாகத்திலிருந்து இரண்டரை அங்குல நீளமும் ஓரங்குல அகலமும் உள்ள துண்டொன்றை வெட்டி, முன்பக்கத்தை மூக்குப் போல் ஒடுக்கிக்கொள்ள வேண்டும். வயிற்றுப்புறத்தில் நீளவாக்கிற் கீறி, பெரிய ஒற்றைத் தூண்டிலின் தண்டை அக்கீறலினுட் பதித்து, அதன் காது மூக்கு வழியாகவும், முள் முதுகின் வழியாகவும் வெளிவரச் செய்தல் வேண்டும். முள்ளின் நுனி முதுகின் மட்டத்துக்கு மேல் எழாதிருத்தல் முக்கியம். வாற்பக்கத்தில் ஒரு சிறு ஈயத்துண்டைச் செருகினால் போலி தூரம் செல்லும். நீரிலும் உயிர்த்தவளை போன்று பின்புறம் தாழ்ந்து மிதக்கும். பழைய சைக்கிள் ரியூப்பிலிருந்து நறுக்கிய இரு மெல்லிய நாடாக்கள் கால்களாகும். கீறலை றப்பர்ப் பசையால் ஒட்டி ஓரிரவு காயவிட வேண்டும். செருப்பு கிடையாதவிடத்து, நன்கு உலர்ந்த முள்முருக்கு மரத்துண்டைச் செதுக்கி வாணிசு பூசியும் செய்துகொள்ளலாம். ஆயினும் மரம் நசுங்காதாகையால் அதில் முள்ளை முதுகோடு மறைத்தல் இயலாது. அது பூண்டில்லாத இடத்துக்கே ஏற்றது.

நிறத்தைப் பற்றிப் பலர் வீணே வாதிடுவர். மாலை மங்கும் வேளையில் மீன் கீழிருந்து மேல் நோக்கியே இரையைக் காண்கின்றது. அப்பொழுது வானத்தின் வெளிச்சத்துக்கு எதிரே தெரிவது போலியின் நிறமன்று, அதன் நிழலுருவமேயாகும். கறுப்பு நிறமே அவ்வேளையில் மிகத் தெளிவாகத் தெரிவது. கறுத்தச் செருப்பு உள்ளவர் வேறு நிறந்தேடி அலையவேண்டியதில்லை.

எறியும் முறை இரையைப் போலவே முக்கியமானது. மூச்செடுத்த வளையத்தின் மேல் போலியை வீழ்த்தினால் மீன் அஞ்சி ஓடும். வளையத்துக்கு அப்பால் ஐந்தாறு அடி தள்ளி வீழ்த்தி, இலைகளின் மேலாக மெல்ல இழுத்து, இடைவெளி வந்தவிடத்து நிறுத்துதல் வேண்டும். நிறுத்திய அக்கணத்திலேயே விரால் பெரும்பாலும் பாய்கின்றது. அவ்வோசையைக் கேட்டவுடன் கம்பை உதறுவோர் பத்துக்கு எட்டுத் தடவை போலியை மட்டுமே திரும்பப் பெறுவர். நூல் இறுகி மீனின் கனம் கையில் தெரியும்வரை பொறுத்து, அதன் பின்னரே ஓங்கி இழுத்தல் வேண்டும். இப்பொறுமை சொல்லால் வருவதன்று; இரண்டு மூன்று மீனை இழந்த பின்னரே எவருக்கும் வரும்.

நூல் சுற்றும் கருவி இல்லாதவர் மனந்தளர வேண்டியதில்லை. பத்துப் பன்னிரண்டு அடி நீளமுள்ள மூங்கிற்கம்பில், கம்பின் அளவினதான தடித்த தங்கூசியைக் கட்டி, தாமரையிலைகளின் நடுவேயுள்ள இடைவெளிகளில் தவளைப் போலியை இறக்கி, இரண்டு மூன்று முறை துள்ளச் செய்து தூக்கும் முறை நெருங்கிய பூண்டில் எறிமுறையினும் சிறந்தது. கரையோரமாக நடந்து ஒவ்வோர் இடைவெளியையும் இவ்வாறு தட்டிப் பார்க்கலாம்.

உயிர்த்தவளை பற்றி

போலி எதற்கு, வயல் வரம்பில் தவளைகள் துள்ளுகின்றனவே என்று சிலர் வினவக்கூடும். தொடையில் முள் ஏற்றிய உயிர்த்தவளைக்கு விரால் இலகுவில் அகப்படும் என்பது உண்மையே. மீனை மட்டும் எண்ணுபவருக்கு அதனினும் சிறந்த முதல் இரை இல்லை. ஆயினும் கமக்காரர் மீனை மட்டும் எண்ணுபவரல்லர்.

வயலில் வாழும் தவளை இரவுதோறும் பூச்சிகளை உண்டு வாழ்வது. கபிலநிறத் தத்தியும், இலைச்சுருட்டிப்புழுவின் அந்துப்பூச்சியும், தண்டு துளைப்பானின் அந்துப்பூச்சியும் அதன் உணவுள் அடங்கும். ஒரு மாலைக்கு ஐந்தாறு தவளை வீதம், ஓய்வுக்காலம் முழுவதும் பல கைகள் ஒரே வயல்வெளியிலிருந்து பிடிப்பதாயின், அடுத்த போகத்தில் அவ்வயல்களின் காவல் எவ்வளவு குன்றும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். அக்காவலுக்கு ஈடாகப் பின்னர் வாங்கவேண்டி வருவது பூச்சிநாசினிப் போத்தலேயாகும். அப்போத்தலின் எச்சம் வடிகால் வழியே சென்று சேர்வதும் அதே விரால் வாழும் நீரையேயாகும். செருப்புத் துண்டிற் செய்த தவளை உயிர்த்தவளையை விடச் சற்றுக் குறைவாகவே பிடிக்கும். அக்குறையை ஏற்றுக்கொள்ளுதல் கமக்காரரின் சொந்த நலனுக்கே உகந்தது.

இவ்விடத்தில் இன்னொன்றும் கூறத்தக்கது. நாசினி தெளித்த வயலிலிருந்து நீர் வடியும் வாய்க்காலில், தெளித்து அணித்தாகவுள்ள நாட்களில் தூண்டிலிடுதலும், அங்கு தள்ளாடி மிதக்கும் மீனை எடுத்து உண்ணுதலும் கூடவே கூடாது.

தெளிந்த திறந்த நீரில்

மாசி, பங்குனி மாதங்களில் மழைநீரின் கலங்கல் அடங்கிக் குளம் தெளிகின்றது. பூண்டு குறைந்த குளக்கட்டோரத்திலும், கற்கள் அடுக்கிய அலைகரையிலும், துருசுக்கு அண்மையிலுள்ள ஆழமான நீரிலும் தவளைப் போலியுடன் தொடங்குவது நேரத்தை வீணாக்குவதாகும். இங்கு விரால் எங்கு கிடக்கின்றதென்பது தெரியாது. ஆகவே, குறுகிய நேரத்தில் பரந்த நீரைத் துழாவிப் பார்க்கக்கூடிய இரையே முதலில் வேண்டப்படுவது. கரண்டி இரை இதற்கு ஏற்றது.

மேசைக்கரண்டியின் காம்பை வெட்டி நீக்கி, எஞ்சிய கிண்ணத்தின் இரு முனைகளிலும் துளையிட்டு, ஒன்றில் நூலையும் மற்றதில் வளையத்துடன் தூண்டிலையும் கோத்தால் கரண்டி இரை ஆயிற்று. வெட்டிய விளிம்பை அரத்தினால் தேய்த்து மழுக்காவிடின் அது நூலை அறுக்கும். இழுக்கும்போது அது பக்கத்துக்குப் பக்கம் தள்ளாடி மின்னுகின்றது. அத்தள்ளாட்டத்திலேதான் அதன் பயன் முழுவதும் அடங்கியுள்ளது. பின்லாந்து நாட்டு மீனவரான லாவுரி றபாலா என்பார், கொன்றுண்ணி மீன்கள் சிறுமீன் கூட்டத்துள் புகும்போது, நேராக நீந்தும் மீன்களை விட்டுக் காயமுற்றுத் தள்ளாடும் ஒன்றையே தேடிப் பாய்வதைக் கவனித்தார். அதனைக் கொண்டு 1936 ஆம் ஆண்டில் தக்கையைச் செதுக்கி, இனிப்புப் பண்டம் சுற்றிய பளபளப்பான தாளை ஒட்டித் தாமே ஒரு போலி மீனைச் செய்தார். அவர் பெயரால் பின்னர் உலகெங்கும் விற்பனையான இரைகளுக்கு அதுவே மூலம். வறிய மீனவர் ஒருவர் கத்தியும் தக்கையும் கொண்டு செய்ததை, முள்முருக்கும் கத்தியும் உள்ள கமக்காரரும் செய்து பார்க்கலாம்.

கரண்டியை ஒரே வேகத்தில் இழுத்தலாகாது. இரண்டு மூன்று யார் இழுத்து, ஒரு கணம் தாழவிட்டு, மீண்டும் இழுத்தல் வேண்டும். மீன் பின்தொடர்ந்து வந்து கவ்வாது திரும்புமாயின், அவ்விடத்தில் மீன் உண்டென்பது உறுதியாயிற்று. அப்பொழுது கரண்டியை மீண்டும் மீண்டும் எறிவது தவறு. மெல்லத் தாழும் மென்புழுவை அவ்விடத்தில் இறக்கி, அடியில் கிடக்கவிட்டு, இடையிடையே சிறிது அசைத்தல் வேண்டும். நைலோன் போன்று செயற்கைப் பொருளாலாகிய இம்மென்புழுவை 1949 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் நிக் கிறீம் என்பவர் உருவாக்கினார். அது கிடையாதவர் நாக்கிளிப்புழு இரண்டு மூன்றைக் கோத்துப் பயன்படுத்தலாம். வேகமான இரையால் மீனைக் கண்டுபிடித்து, மெதுவான இரையால் அதனைக் கொள்ளுதல் என்பது திறந்த நீருக்குரிய முறையாகும்.

கலங்கல் நீரில்

ஐப்பசி, கார்த்திகை மழையில் குளத்துக்கு நீர் வரும்போது கண் பயனற்றுப்போகின்றது. மீனின் கண்ணும் அவ்வாறேயாம். அப்பொழுது விரால் தன் உடலின் இரு மருங்கிலும் உள்ள பக்கக்கோட்டினால் நீரின் அதிர்வை உணர்ந்தே இரையை அறிகின்றது. எனவே அதிர்வை எழுப்பும் இரையே முதலில் வேண்டும். சுழலும் தகடு பூட்டிய இரையோ, உள்ளே சிறு ஈயமணிகள் இட்டுக் கிலுகிலுக்கும் மீன்போலியோ ஏற்றது. நிறம் கறுப்பாயினும் கடும் மஞ்சளாயினும் ஆகுக; வெள்ளி மினுக்கம் கலங்கலில் பயன்படாது.

இக்காலத்தில் இடந்தெரிதல் மிக எளிது. மழைநீர் குளத்தினுட் புகும் வாய்க்கால் முகத்தில் புழுவும் பூச்சியும் சிறுமீனும் அடித்துவரப்படுகின்றன; விராலும் அங்கேயே கூடும். அவ்விடத்தில் நாக்கிளிப்புழுக் கொத்து எந்தப் போலி இரைக்கும் தாழ்ந்ததன்று. காலில் வெடிப்போ புண்ணோ உள்ளவர் அக்கலங்கல் நீரில் இறங்குதலைத் தவிர்த்தல் வேண்டும். எலிக்காய்ச்சல் வயல்நீரால் மட்டுமன்றி இத்தகைய வாய்க்கால் நீராலும் தொற்றும்.

நீர் வற்றிய காலம்

ஆடி, ஆவணியில் சிறுபோகத்துக்கு நீர் திறந்து விடப்பட்டுக் குளம் சுருங்குகின்றது. அகன்ற குளத்திற் பரந்திருந்த மீன் யாவும் துருசின் முன்னுள்ள மடுவில் ஒடுங்குகின்றன. 1952 ஆம் ஆண்டில் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, சில ஊர்களில் ஜப்பான் மீன் என்று வழங்கும் திலாப்பியாவின் குஞ்சுகள் அங்கு நிறைந்திருக்கும். விரால் அவற்றையே உண்டு கொழுத்துக் கிடக்கும். இந்நிலையில் பெரிய தவளைப் போலியை அது பொருட்படுத்துவதில்லை. இரண்டங்குல நீளமுள்ள சிறு மீன்போலியே முதலில் எறியத்தக்கது.

இக்காலத்தில் மீன் மிக இலகுவில் அகப்படும். அதனாலேயே கட்டுப்பாடும் வேண்டப்படுவது. அம்மடுவில் எஞ்சியுள்ளவையே அடுத்த மழைக்குக் குளம் முழுவதற்கும் விதைமீனாகும். விதைநெல்லைக் குற்றியுண்ணும் கமக்காரர் எவரும் இலர்.

குளத்தில் மீன்பிடிச் சங்கம் உள்ளதாயின் அதன் இணக்கத்தைப் பெற்றே தூண்டிலிடல் வேண்டும். அச்சங்கத்தார் குஞ்சு வாங்கிக் குளத்தில் விட்டு வளர்ப்பவர்களாவர். சரணாலய எல்லைக்குள் அமைந்த குளங்களுக்கு வனசீவராசிகள் பற்றிய சட்டங்கள் உரியன.

இரையையா, இடத்தையா மாற்றுவது?

அரை மணி நேரம் எறிந்தும் ஒன்றும் அகப்படாவிடின் என் செய்வது என்பதே பலருக்கு எழும் ஐயம். இளையவர் பெட்டியைத் திறந்து அடுத்த இரையைத் தேடுவார். "அண்ணை, உது கடிக்காது, கரண்டியைப் போடுவமோ?" என்பார். பழக்கமுள்ளவர், "பொறு தம்பி, மீன் உங்கை நிக்குதோ எண்டு முதல் பார்" என்று விடை கூறுவார். முதியவரின் கூற்றே சரியானது. நீருக்கும் பூண்டுக்கும் ஏற்ப முதலிரை தெரியப்பட்டிருப்பின், அதில் ஒரு தாக்குதலும் நிகழாதபோது ஐயுறவேண்டியது இடத்தையேயாகும். ஓரிடத்தில் பதினைந்து இருபது முறை எறிந்தும் மூச்சு வளையமோ, பாய்ச்சலோ, பின்தொடர்தலோ காணப்படாவிடின் முப்பது யார் தள்ளிச் செல்லுதல் வேண்டும். மீன் உண்டென்று தெரிந்தும் கவ்வாதபோது மாத்திரமே இரையை மாற்றுதல் தகும். மாற்றும்போது அளவிற் சிறியதற்கும் வேகத்தில் மெதுவானதற்குமே மாற்றவேண்டும். இவ்வாறு நடப்பவருக்கு மூன்று இரைகளே போதும்: ஒரு தவளைப் போலி, ஒரு கரண்டி, ஒரு சுழல்தகடு. கடைக்காரர் வேறுவிதமாகக் கூறுவார்.

குஞ்சு காக்கும் விரால்

எந்த இரையையும் எறியலாகாத இடம் ஒன்றுண்டு. மழைக்காலத்தில் பூண்டுகளின் நடுவே வட்டமாக இடம் வெட்டி விரால் முட்டையிடுகின்றது. முட்டைகள் மிதப்பன. பொரித்த குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தனவாய்த் திரண்டு, ஒரு பந்து போல் நீர்மட்டத்தில் எழுந்தெழுந்து மூச்செடுக்கும். பெற்ற மீன் அவற்றின் கீழேயே காவல் நிற்கும். அப்பொழுது அக்கூட்டத்தின் அருகே எது வீழ்ந்தாலும் அது பாய்ந்து கவ்வும். பசியினாலன்று, காவலினாலேயே அவ்வாறு செய்யும். ஆகவே அங்கு இரையைத் தெரியும் திறமை எதுவும் வேண்டியதில்லை. துணித்துண்டுக்கும் அது பாயும்.

இவ்வாறு பிடித்தலைப் பெருந்திறமையெனக் கொண்டாடுவோர் உளர். பிடித்தது ஒரு மீன். காவலிழந்த குஞ்சுகளோ சில நாட்களுள் பிற மீன்களுக்கும் நாரைகளுக்கும் இரையாகிவிடும். செம்மஞ்சட் கூட்டத்தைக் கண்டவர் தூண்டிலைச் சுற்றிக்கொண்டு அப்பாற் செல்லுதலே முறை.

இதற்கு விலக்கான ஒரு மீனும் இப்பொழுது இந்நாட்டில் உண்டு. 2025 ஆம் ஆண்டில் தெதுறு ஓயா நீர்த்தேக்கத்தில், இந்நாட்டுக்குரியதல்லாத பெரிய விரால் இனமொன்று பெருகியுள்ளமை அறியப்பட்டது. மூன்றடிக்கு மேலும் வளரும் அம்மீன் தென்கிழக்காசியாவைச் சேர்ந்தது. அலங்கார மீனாக வளர்க்கப்பட்டுப் பின்னர் நீரில் விடப்பட்டிருக்கவேண்டுமென்று கருதப்படுகின்றது. அது ஏனைய மீன்களை உண்டழிப்பதனால், அதனைக் குறைக்கும் பொருட்டு அவ்வாண்டில் தூண்டிற் போட்டியொன்றும் அங்கு நடாத்தப்பட்டது. இளமையில் அதன் உடலில் இரு கறுப்புக் கோடுகள் நீளவாக்கில் ஓடுவதைக் கொண்டு அதனை இனங்காணலாம். இத்தகைய மீன் அகப்பட்டால் எவ்வகையிலும் திரும்ப நீரில் விடலாகாது. தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் பிரதேச உத்தியோகத்தருக்கு அறிவித்தல் வேண்டும்.

உயிருள்ள சிறுமீனை இரையாகக் கொள்வோர் இதிலிருந்து அறியவேண்டியது ஒன்றுண்டு. ஒரு குளத்திற் பிடித்த சிறுமீனை வாளியில் இன்னொரு குளத்துக்குக் கொண்டு செல்லுதலும், எஞ்சியதை அங்கு ஊற்றிவிடுதலும் வேண்டாத மீனினங்கள் பரவுதற்கு வழியாகும். எஞ்சியதைக் கோழிக்கு இடுக.

பிடித்த மீனைக் கொண்டுசெல்லல்

விரால் நீரை விட்டு நீங்கியும் நெடுநேரம் உயிர்வாழும். நனைத்த சாக்கில் இட்டு வாயைக் கட்டி நிழலில் வைத்தால் வீடு செல்லும்வரை புதிதாகவே இருக்கும். மூடியில்லாத வாளியில் நீருடன் வைத்தலாகாது. துள்ளி வெளியேறிப் புல்லின் மேல் ஊர்ந்து குளத்தை மீண்டும் அடையும் வலிமை அதற்குண்டு. வாயிலிருந்து தூண்டிலைக் கழற்றும்போது விரலை உள்ளே விடாது குறட்டினாற் கழற்றுதல் வேண்டும். அறுந்த தங்கூசியைக் கரையில் எறிந்துவிட்டுச் செல்லாது சுருட்டி எடுத்துச் செல்லல் வேண்டும். அதில் கால் சிக்கி இறக்கும் நீர்ப்பறவைகள் பல. மேயும் மாட்டின் வாயிலும் அது அகப்படுவதுண்டு.